ஹேமக் இரண்டு வருடச் சாமான் அல்ல

“ஹேமக்தானே? ரெண்டு வருஷம் வந்தா லாபம். அப்புறம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க.” முகாம் சாமான் விற்கும் கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். மலைக்குப் போய்வந்து பழகியவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். தோப்பு வீட்டை வார இறுதி வாடகைக்கு விடுகிறவர்கள் பல்பு, துடைப்பத்தோடு ஹேமக்கையும் வருடச் செலவில் எழுதிவிடுகிறார்கள். எல்லோரும் சொல்வதால் யாரும் காரணம் கேட்பதில்லை.

இந்தக் கருத்து தவறு. அதுவும் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் தவறு. இரண்டு வருடம்தான் வரும் என்று நம்புகிறவர் அதைக் கழற்றி உள்ளே வைக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே வெயிலிலும் மழையிலும் அது பாட்டுக்குத் தொங்குகிறது. இரண்டாவது கோடை முடியும்போது யாரோ உட்கார, துணி ‘டர்’ரென்று கிழிகிறது. “நான்தான் சொன்னேனே” என்கிறார் அவர். அவர் நம்பியதால்தான் அது நடந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பேச்சும் உண்டு: “பாராசூட் துணிங்க, ஒண்ணும் ஆகாது.” ஒன்று அவநம்பிக்கை, மற்றது அதீத நம்பிக்கை. ஆனால் இரண்டையும் நம்புகிறவர்கள் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நாம் செய்வதற்கு எதுவும் இல்லை. இந்த இரண்டு பேச்சையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒரு ஹேமக்கின் ஆயுளைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை. அது எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, எவ்வளவு விறைப்பாகக் கட்டப்பட்டது, அதன் நுனிகள் எதில் உரசின என்பவைதான் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

முதலில் துணியைப் பார்ப்போம். இன்று முகாமுக்கென்று விற்கும் ஹேமக்குகளில் பெரும்பாலானவை நைலான், சில பாலியஸ்டர். நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது அமெரிக்கா பாராசூட்டுக்கு நைலானைப் பயன்படுத்தியது. ‘பாராசூட் துணி’ என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். கட்டம் கட்டமாகத் தெரியும் ரிப்ஸ்டாப் நெசவில் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் அந்த இழையில் முட்டிக் கிழிசல் நிற்கும். இந்த இழையைப் பூஞ்சை தின்னாது, கரையான் தேடி வராது, அந்துப்பூச்சி தொடாது. அலமாரியின் இருட்டில் பத்து வருடம் கிடந்தாலும் நல்ல நைலான் துணிக்குப் பெரிதாக எதுவும் நேராது.

அப்படியானால் இரண்டாவது கோடையில் கிழிவது எதனால்? இங்கேதான் நம் பழக்கம் நமக்கு எதிராக வேலை செய்கிறது. நம் வீடுகளில் துணி என்றால் பருத்தி. பருத்திக்கு எமன் ஈரம். வெயில் அதற்கு மருந்து. “வெயில்ல போடு, எல்லாம் சரியாப் போயிரும்” என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. நைலானுக்கு இந்த அறிவு அப்படியே தலைகீழ். ஈரம் அதைக் கொல்லாது, வெயில் கொல்லும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர், நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே துண்டிக்கிறது. துண்டித்த சங்கிலி தானாக ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு வெயில் நாளும் முந்தைய நாளின் சேதத்தோடு சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரிவது சாயம் வெளுப்பது மட்டும்தான். உள்ளே வலு போய்க்கொண்டிருப்பது ஆள் ஏறி உட்காரும்போதுதான் தெரியவரும்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை நம் கடற்கரை எப்போதோ கற்றுக்கொண்டது. பருத்தி வலை, சணல் வலை இருந்த காலத்தில் மீனவர்களுக்கு வலையைக் காப்பது தினசரி வேலை. பனிச்சைக் காய்ச் சாறு, துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாறு இவற்றில் வலையைத் தோய்ப்பார்கள். கடலிலிருந்து வந்ததும் மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். காயாமல் குவித்தால் வலை அழுகிவிடும். 1953-இல் கொல்லம் அருகே இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது; அதையொட்டிய காலத்தில் நைலான் வலை நம் கரைகளில் பரவியது. அழுகல் பயம் போயிற்று. கூடவே புதிய பழக்கம் ஒன்று வந்தது. இன்று எந்த மீனவக் குப்பத்துக்குப் போனாலும் குவித்து வைத்த வலைமேல் தார்ப்பாயோ ஓலையோ போர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். வலை பின்னும் இடமும் கொட்டகை நிழல்தான். வலைதான் பிழைப்பு என்று இருப்பவர்கள் நைலானை வெயிலிலிருந்து மறைத்துவைக்கக் கற்றார்கள். ஆசைக்கு ஹேமக் வாங்கிய நாம் இன்னும் பருத்திக் காலத்துப் புத்தியோடு அதை வெயிலில் விரிக்கிறோம்.

இரண்டு வருடக் கணக்குக்கு ஆதரவாக வெளிநாட்டு அறிவுரைகளைக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த அறிவுரைகளில் பல மிதமான வெயில் உள்ள ஊர்களில் எழுதப்பட்டவை. லண்டனில் ஜூன் மாத நண்பகலில்கூடப் புற ஊதாக் குறியீடு 8-ஐத் தாண்டுவது அரிது. தமிழ்நாட்டுக் கோடையில் அது 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 11-ஐ எட்டினாலோ தாண்டினாலோ உலக சுகாதார நிறுவனம் அதை உச்சப் பிரிவில் வைக்கிறது. ஆகவே வருடக்கணக்கில் சொல்லும் எந்த எண்ணும் ஊர் மாறினால் செல்லாது. திறந்த மொட்டைமாடியில் இரவு பகலாகத் தொங்கும் ஹேமக்குக்கு இரண்டு வருடம் என்பதே தாராளம். அடர்ந்த மாந்தோப்பில் மாலையில் கட்டிக் காலையில் அவிழ்ப்பவருக்கு அதே எண் அநியாயம்.

மலைக்கு வந்துவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்கிறார்கள். கொடைக்கானலில் குளிர்கிறது, வெயில் சுடவில்லை, அதனால் துணிக்கும் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். சூடும் புற ஊதாக் கதிரும் வேறு வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் தெளிந்த மதியம், கீழே வத்தலக்குண்டின் வேகும் மதியத்தைவிட நைலானுக்குக் கொடியது. மெல்லிய மேகமும் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

நம்ப முடியாதவர்கள் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கொடிக்கயிற்றைத் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று கோடை கண்ட கயிறு கையில் தூளாக உதிரும், சிலாம்பு குத்தும். அதே சுருளிலிருந்து வெட்டி வீட்டுக்குள் வைத்த மிச்சக் கயிறு புதிதாகவே இருக்கும். இரண்டுக்கும் வயது ஒன்று.

வயதையே அளவுகோலாக வைப்பவர்கள், ஹேமக்கிலேயே வாழ்ந்த மக்களைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். இந்தப் படுக்கை அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளின் கண்டுபிடிப்பு. 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் கரீபியன் தீவுகளில் பருத்தி நூலால் பின்னிய ஹேமக்குகளைப் பார்த்தார்கள். ஓரினோகோ ஆற்றின் கழிமுகத்தில் வாழும் வாராவோ மக்கள் மொரிச்சே என்ற பனையின் நாரில் இன்றும் பின்னுகிறார்கள். மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் பல குடும்பங்களுக்குக் கட்டிலே கிடையாது. பிறப்பிலிருந்து இறப்புவரை ஹேமக்தான் படுக்கை. அங்கே வீடு கட்டும்போதே சுவரில் ஹேமக் மாட்டுவதற்கு வளையம் வைத்துவிடுகிறார்கள். இரவில் மாட்டுகிறார்கள், பகலில் சுருட்டி ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு இரவும் ஆள் படுக்கும் படுக்கை அது. நம்மில் ஒருவர் வருடத்துக்குச் சில வார இறுதிகள் படுப்பதோடு ஒப்பிட்டால் அதன் உழைப்பு பல மடங்கு. ஆனாலும் அது வீட்டு நிழலில் இருக்கிறது. பயன்படுத்துவதால் தேய்வதைவிடச் சும்மா வெயிலில் கிடப்பதால் அழிவது அதிகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிரிட்டிஷ் கடற்படை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹேமக்கை ஏற்றுக்கொண்டது. அங்கே கித்தான் துணி. மாலுமிகள் காலையில் எழுந்ததும் ஹேமக்கைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி, மேல்தளத்தின் ஓரத்தில் அடுக்கி, அடுக்கின்மேல் கித்தான் போர்த்த வேண்டும். அது கட்டளை. எந்த மாலுமியும் விருப்பத்துக்கு அதை அங்கேயே தொங்கவிட்டுப் போக முடியாது. சண்டை வந்தால் துப்பாக்கிக் குண்டுக்குத் தடுப்பாகவும் அந்த அடுக்கு பயன்பட்டது என்பது வேறு விஷயம்.

வெயிலுக்கு அடுத்த குற்றவாளி விறைப்பு. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம். ஹேமக்கைக் கட்டில்போல நேராக இருக்க வேண்டும் என்று இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள். தொய்வாகத் தொங்கினால் ‘சரியாகக் கட்டவில்லை’ என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கிறார். இரு பக்கமும் பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சரிவில் இருந்தால், ஒவ்வொரு நுனியிலும் விழும் இழுவிசை 80 கிலோ எடைக்குச் சமம். 15 பாகையில் சுமார் 155 கிலோ. 10 பாகையில் 230 கிலோ. 5 பாகைக்கு இறுக்கினால் 460 கிலோ! ஆள் அதே ஆள், துணி அதே துணி. தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இது இரண்டு மடங்காகும். இப்படி இறுக்கிக் கட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு மாட்டை ஏற்றி உட்காரவைக்கிறார். பிறகு “துணி மட்டம்” என்கிறார்.

30 பாகை என்பதைக் கருவி வைத்து அளக்க வேண்டாம். பெல்ட் மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வரும் இடத்தில் அரை மீட்டருக்குச் சற்றே அதிகமாக இறங்கியிருந்தால் சரி. இன்னும் எளிய வழி, ஹேமக்கின் இரு நுனிகளுக்கும் நடுவே மேலே ஓர் உறுதியான கயிற்றை நிரந்தரமாகக் கட்டிவிடுவது. 3 மீட்டர் நீள ஹேமக்குக்கு 2.5 மீட்டர் கயிறு. பிறகு நீங்கள் பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கயிறுதான் விறைக்கும். துணியின் தொய்வு மாறாது. அப்படித் தொய்வாகக் கட்டிய ஹேமக்கில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகும் நேராக இருக்கும். நேராக இருக்க வேண்டும் என்று இழுத்துக் கட்டினார்களே, அந்த நேர் முதுகு இப்படித்தான் கிடைக்கும்.

மூன்றாவது விஷயம், ‘ஹேமக் கிழிந்துவிட்டது’ என்ற பேச்சிலேயே இருக்கும் குழப்பம். ஹேமக் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று பகுதிகள் உண்டு: துணி, துணியின் இரு நுனிகளையும் சுருக்கிப் பிடிக்கும் கயிற்று வளையம், மரத்தைச் சுற்றும் பெல்ட்டும் கொக்கியும். மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. முதலில் போவது நுனிக் கயிறு; கொக்கியின் உலோகத்தில் உரசி உரசி நார் பிரியும். அடுத்தது மரப்பட்டையில் உரசும் பெல்ட். துணி கடைசி. விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களிடம் என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பாருங்கள்: முடிச்சு நழுவியது, எஸ் வடிவக் கொக்கி விரிந்தது, முருங்கைக் கிளை முறிந்தது, கம்பி இல்லாத செங்கல் தூண் சாய்ந்தது. இவற்றில் ஒன்றுக்கும் துணியின் வயதோடு சம்பந்தம் இல்லை. தூண் சாய்வது உயிருக்கே ஆபத்து. புது ஹேமக் வாங்கிக் கட்டினாலும் அந்தத் தூண் சாயத்தான் செய்யும். ‘இரண்டு வருடத்தில் மாற்றிவிட்டோம்’ என்ற நிம்மதி பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்கிறது. அதனால்தான் இந்தக் கருத்தை வெறும் வீண்செலவு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

நுனிக் கயிறு, பெல்ட் இரண்டையும் மாற்றலாம். மலிவான ஹேமக்கோடு வரும் மெல்லிய கயிற்றை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். அது மரப்பட்டைக்குள் வெட்டி இறங்கும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிரோட்டம் இருக்கிறது. குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலியஸ்டர் பெல்ட் வேண்டும். கார் சீட் பெல்ட்டும், லாரியில் சரக்கை இறுக்கும் பெல்ட்டும் பாலியஸ்டரில் செய்வது காரணமில்லாமல் இல்லை: அது நைலானைவிடக் குறைவாக நீளும், வெயிலையும் கூடுதலாகத் தாங்கும், தண்ணீரும் அவ்வளவாகக் குடிக்காது. நைலான் ஈரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வலுவை இழக்கும், தொய்யும். காய்ந்தால் வலு திரும்பிவிடும். பனி இறங்கிய இரவில் தரைக்கு அருகே போய்விட்டோமே என்று பயப்பட ஒன்றுமில்லை.

இனி ‘ஒண்ணும் ஆகாது’ கட்சிக்கு வருகிறேன். நைலானுக்கு ஆகக்கூடாதவை உண்டு, அவற்றில் பல நம் வீட்டிலேயே இருக்கின்றன. அமிலம் முதல் எதிரி. மலையேறும் கயிறுகள் பேட்டரி அமிலம் பட்டு, வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் அறுந்திருக்கின்றன. ஜீப்பின் பின்னால் பேட்டரிக்குப் பக்கத்திலோ, வீட்டில் இன்வெர்ட்டருக்கு அடியிலோ, கழிவறை கழுவும் ஆசிட் வைத்த மூலையிலோ ஹேமக்கைத் திணிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரும் கூடாது. அடுத்தது தணல். மலிவான நைலான் 220 பாகை செல்சியஸ் வாக்கில் உருகும். முகாம் நெருப்பிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். நம் ஊரில் அதைவிடப் பெரிய ஆபத்து, படுத்திருப்பவருக்குக் கொசு கடிக்கக்கூடாது என்று ஹேமக்குக்கு நேர் கீழே ஏற்றிவைக்கும் கொசுவத்திச் சுருள். ஆள் அசைய, துணி தாழ, ஓட்டை விழும். சுருளைக் காற்று வரும் பக்கம் நாலடி தள்ளி வையுங்கள். உடம்பில் தடவும் டீட் கலந்த கொசு மருந்து நைலானைக் கெடுக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது ஸ்பான்டெக்ஸையும் சில பிளாஸ்டிக்குகளையும் பாழாக்கும். நைலானை ஒன்றும் செய்யாது.

துவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொக்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் மென்மையான சோப்பு கரைத்து, அரை மணி ஊறவைத்து, கையால் அலசினால் போதும். துவைகல்லில் அடிக்கக்கூடாது, பிரஷ் போடக்கூடாது, மெஷினில் சுழற்றக்கூடாது, துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றக்கூடாது. கடற்கரையில் கட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புப் பரலும் மணலும் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து அரத்தின் வேலையைச் செய்யும், கொக்கியையும் துருவேற்றும். காயவைப்பது நிழலில். இவ்வளவு மெல்லிய துணி காற்றாடினாலே சீக்கிரம் காய்ந்துவிடும்; வெயிலே தேவையில்லை. மடிக்கும்முன் முறுக்குத் துணுக்கு, கடலைத் தோல் எதுவும் உள்ளே இல்லாமல் உதறுங்கள். அந்துப்பூச்சிக்கு நைலான் வேண்டாம், ஆனால் எலிக்குத் தின்பண்ட வாசனை போதும்.

இப்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். மலையேறும் கயிறு, இடுப்புவார் போன்றவற்றைச் செய்யும் நிறுவனங்களே ஆயுள் சொல்கின்றனவே? ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 10 வருடத்தில் ஒதுக்கிவிடுங்கள் என்று பெட்ஸல் போன்ற பெரிய நிறுவனங்கள் எழுத்திலேயே சொல்கின்றன. உயிர் தொங்கும் இடத்தில் வருடக்கணக்கு சரியென்றால், ஹேமக்கில் மட்டும் ஏன் தவறு? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன்.

மலையேறும் கயிறு, செங்குத்துப் பாறையில் விழும் மனிதரை அந்தரத்தில் பிடித்து நிறுத்த வேண்டியது. அது தோற்றால் மரணம். ஹேமக்கில் ஆள் தரையிலிருந்து ஒரு நாற்காலி உயரத்தில் அசையாமல் கிடக்கிறார், அல்லது கிடக்க வேண்டும். அதற்கு மேல் உயரத்தில், பாறை விளிம்பில், ஓடைக்கு மேலே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி ஹேமக் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் வாதாடவில்லை. அங்கே புதுத் துணியும் போதாது. இன்னொன்றும் உண்டு. அந்த 10 வருடம் மேல் எல்லை மட்டுமே. ‘10 வருடம் உழைக்கும்’ என்று அந்த நிறுவனங்கள் சொல்வதில்லை. ஒரே ஒரு பெரிய விழுகைக்குப் பிறகு, அமிலம் பட்டால், நார் பிரிந்தால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள், ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே ஏறுங்கள் என்றும் அதே தாளில் சொல்கின்றன. சோதனைதான் அங்கே முதல் விதி. ஹேமக் பேச்சில் அந்த விதி காணாமல் போய், எண் மட்டும் தங்கிவிட்டது. அந்த எண்ணும் 10 அல்ல, இரண்டு.

சோதிப்பது எப்படி? கூட்டி மடித்துத் தைத்த விளிம்பின் உள்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறத்தையும் நடுத்துணியின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். நன்றாக வெளுத்திருந்தால் அந்தத் துணி எவ்வளவு வெயில் குடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும், சந்தேகப்படத் தொடங்குங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், ஊசித் துளைகள் தெரியும். இரண்டு கைகளாலும் ஒரு சாண் இடத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல நைலான் கொஞ்சம் நீண்டு திரும்பும். கெட்டது மொரமொரவென்று சத்தம் கொடுக்கும், இழை விலகும். நுனிகளில் துணி சுருங்கிக் கூடும் இடத்தில்தான் சுமை அதிகம், அங்கே தையலை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடைசியாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, 25 கிலோ அரிசி மூட்டை நான்கை மெதுவாக ஒவ்வொன்றாக ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். உங்கள் எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தாங்கினால் படுங்கள், தாழ்வாகவே கட்டிப் படுங்கள். தாங்காவிட்டால் வாங்கி ஆறு மாதமே ஆகியிருந்தாலும் ஒதுக்குங்கள். வயதை வைத்துப் பழையதைத் தூக்கி எறிகிற அதே மனிதர்கள், ஆறு மாதமாக மொட்டைமாடியில் கிடந்ததைப் ‘புதுசுதானே’ என்று குழந்தைகளை ஏற்றிவிடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

சின்ன ஓட்டை என்றால் தூக்கி எறிய வேண்டாம். பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக இருந்தால் நைலான் ஒட்டுத்துணியை மூலைகளை வட்டமாக வெட்டி இருபக்கமும் ஒட்டலாம். சதுர மூலை சீக்கிரம் பெயரும். தைப்பதானால் மெல்லிய ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் அழுகிவிடும். நுனிக்கு அருகே, சுமை கூடும் இடத்தில் கிழிந்தால் மட்டும் எந்த ஒட்டையும் நம்பாதீர்கள். அந்தத் துணி தரைவிரிப்பாகவும் டென்ட் பையாகவும் இன்னும் சில வருடம் உழைக்கும்.

“ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?” என்று கேட்பார்கள். மெனக்கெடல் என்ன? படுத்து எழுந்ததும் அவிழ்த்து அதன் பையில் திணிப்பது. அந்தப் பை ஹேமக்கோடு சேர்த்தே தைத்து வருகிறது. விலை ஆயிரம் என்பதும் முழுக் கணக்கு இல்லை. ஒருவகை நைலானுக்கு மூலப்பொருளான அடிபிக் அமிலத்தைச் செய்யும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியாகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கும் மேல் வலியது. தூக்கி எறிந்த துணி சென்னையில் கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குவியும். பூஞ்சை தின்னாத துணி என்று பெருமைப்பட்டோமே, குப்பைமேட்டிலும் அதை எதுவும் தின்னாது.

விற்பவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ‘200 கிலோ தாங்கும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். எந்தச் சரிவில் கட்டினால் என்று அச்சிடுவதில்லை. 30 பாகைக்கும் 5 பாகைக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தோம். துணி நைலானா பாலியஸ்டரா, இழையின் தடிமன் எத்தனை டெனியர், வெயில் தாங்கும் பூச்சு உண்டா இல்லையா என்பதைப் பையின்மேல் எழுதட்டும். நுனிக் கயிற்றையும் பெல்ட்டையும் தனியாக விற்கட்டும். இன்று பல கடைகளில் பெல்ட் மட்டும் கேட்டால் “செட்டாத்தான் சார் வரும்” என்கிறார்கள். முந்நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு முழு ஹேமக்கையும் தலையில் கட்டுகிறார்கள். அப்படிச் சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்து, லாரி பெல்ட் விற்கும் கடைக்குப் போங்கள். அங்கே மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இரண்டு நுனியிலும் வளையம் மடித்துத் தைக்கச் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். பெட்டிபோலத் தைத்து நடுவில் குறுக்காகவும் இரண்டு ஓட்டு ஓட்டச் சொல்லுங்கள், பாலியஸ்டர் நூலில்.